துபாயில் இந்தியப் பள்ளி: எல்லாம் இருக்கிறது, தமிழ் பீரியட் மட்டும் இல்லை

மதுரை அரசரடியில் இருக்கும் உறவுக்காரத் தம்பிக்கு துபாயில் வேலை உறுதியாகிவிட்டது. மூத்தவள் ஒன்றாம் வகுப்பு முடிக்கிறாள், சின்னவன் யுகேஜி. "அண்ணே, எந்த ஸ்கூல்ல போடலாம், நீங்க போட்ட ஸ்கூல் எப்படி?" என்று கேட்டிருந்தார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து கிளம்பும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன். நாங்கள் கேஜி-1 முதல் பயன்படுத்திவரும் சிபிஎஸ்இ பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு பள்ளியோடு நிற்பதில்லை.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது. பள்ளி நல்ல பள்ளி. பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டெண்டர் அம்மா கையைப் பிடித்துக்கொள்கிறார். காய்ச்சல் என்றால் பள்ளி நர்ஸிடமிருந்து பத்து நிமிடத்தில் போன் வருகிறது. கணக்குப் பாடம் சின்ன வகுப்புகளில் பொருளைக் கையில் கொடுத்துத்தான் தொடங்குகிறது, வாய்ப்பாட்டை ஒப்பிக்க விடுவதில்லை. ஆங்கிலம் கூச்சமில்லாமல் வருகிறது. பணத்திலும் ஒளிவுமறைவு இல்லை. துபாயில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் கேஎச்டிஏ அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாக அனுமதிக்கப்பட்ட கட்டணம் ஒரு தாளில் இருக்கும். அதற்கு மேல் கேட்க முடியாது. விண்ணப்பக் கட்டணம் 500 திர்ஹமுக்குள். இடத்தை உறுதிசெய்ய வாங்கும் தொகை ஆண்டுக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்குள், அதையும் பிறகு கட்டணத்தில் கழித்துவிடுவார்கள். கட்டண உயர்வுக்கும் ஆண்டுதோறும் வரம்பு சொல்கிறார்கள்; 2025-26-க்கு 2.35 சதவீதம். நம்மூரில் சேர்க்கைக்காக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி குறை. தமிழ் இல்லை.

பள்ளியின் இணையதளத்தில் இரண்டாம் மொழி என்ற தலைப்பின் கீழ் ஹிந்தி, மலையாளம், பிரெஞ்சு, தமிழ் என்று வரிசையாகப் போட்டிருக்கும். அந்த வரியை நம்பிச் சேர்க்கக் கூடாது. அந்த 'தமிழ்' நடைமுறையில் பல விதமாக இருக்கும். ஐந்தாம் வகுப்பிலிருந்துதான் தமிழ் என்பார்கள். அதற்குள் பிள்ளை நாலு வருடம் ஹிந்தி படித்திருக்கும், மாற மனம் வராது. அல்லது மூன்றாம் மொழியாக மட்டும் வைத்து எட்டாம் வகுப்போடு முடித்துவிடுவார்கள். அல்லது இத்தனை பிள்ளைகள் சேர்ந்தால்தான் வகுப்பு என்பார்கள். ஒரு வருடம் நடக்கும், இரண்டு குடும்பம் ஊருக்குத் திரும்பினால் அடுத்த வருடம் நின்றுவிடும். ஒரே ஆசிரியை மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்துவதும் உண்டு. அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது எழுத்துப் பயிற்சித் தாள் மட்டும்.

பள்ளியை மட்டும் திட்டுவதும் சரியில்லை. கால அட்டவணையில் இடமே குறைவு. அமீரகத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அரபி கட்டாயம். இப்போது துபாயில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு வாரத்தில் நாலைந்து பீரியட் போகும். வெள்ளிக்கிழமை அரை நாள்தான், மதியத் தொழுகைக்கு முன் பள்ளி விட்டுவிடும். ஷார்ஜாவில் 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, பள்ளி நான்கு நாள். இதற்குள் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், அரபி எல்லாம் போக மிஞ்சும் ஒரு மொழிக்கு எந்த மொழியில் அதிகப் பிள்ளைகளோ அதற்குத்தான் ஆசிரியர் போடுவார்கள். இந்தியப் பள்ளிகளில் மலையாளிப் பிள்ளைகள் அதிகம், ஹிந்தி எல்லோருக்கும் பொது. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் எரிச்சல் குறையவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு, பிள்ளை நோட்டில் நடப்பதைச் சொல்கிறேன். பேச்சுத் தமிழ் வீட்டில் இருப்பதால் போகாது. முதலில் போவது வாசிப்பு, அடுத்தது எழுத்து. ஒன்றாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளை 'பட்டம், பம்பரம்' அளவில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் தமிழ் நோட்டைத் தொடாமல் ஹிந்தி எழுதிவிட்டு 'தேன்' எழுதச் சொல்லுங்கள். முதலில் 'த' எழுதும். பிறகுதான் ஏகாரக் கொம்பு அதற்கு முன்னால் வர வேண்டும் என்பது நினைவுக்கு வரும்; இடப்பக்கம் இடம் இருக்காது, கோட்டுக்கு வெளியே ஒடுக்கிப் போடும். ஹிந்தியில் குறில் இகரம் ஒன்றுக்குத்தான் குறி முன்னால் வரும். தமிழில் எ, ஏ, ஐ மூன்றுக்கும் முன்னால் வரும், ஒ, ஓ, ஔ மூன்றுக்கும் இரண்டு பக்கமும் வரும். இந்தப் பழக்கம் கையில் ஏறுவது ஆறு, ஏழு வயதில். அந்த வயதில் விட்டால் பத்து வயதில் கூச்சம் வந்துவிடும், 'எனக்குத் தமிழ் வராது' என்று பிள்ளையே சொல்ல ஆரம்பிக்கும். வீட்டுப் பாட்டி அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை அம்மாதான் வாசித்துக் காட்ட வேண்டிவரும்.

உணர்ச்சியை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்த்தாலும், திரும்பி வருவோம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் கணக்கு. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். பிற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கொண்டுவந்தார்கள். ஆறாம் வகுப்பில் மதுரைக்குத் திரும்பினால் பத்தாம் வகுப்புக்குள் பிடித்துவிடலாம். எட்டு, ஒன்பதில் திரும்பினால் ட்யூஷன் வைத்து உயிரெழுத்திலிருந்து தொடங்க வேண்டும், கூடவே செய்யுளும் இலக்கணமும். அந்தப் பிள்ளை படும் பாட்டைப் பார்த்தவர்கள் இதை விளையாட்டாகப் பேச மாட்டார்கள்.

பள்ளி தேடும்போது கேஎச்டிஏ ஆய்வறிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். மேலட்டையில் இருக்கும் 'நன்று', 'மிக நன்று' என்ற மொத்த மதிப்பீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே கேஜி, தொடக்கநிலை, நடுநிலை, மேல்நிலை என்று தனித்தனியாக மதிப்பிட்டிருப்பார்கள். மொத்தம் 'மிக நன்று' என்றிருக்கும் பள்ளியிலும் கேஜி ஒரு படி கீழே இருக்கலாம். சின்னப் பிள்ளையைச் சேர்ப்பவருக்கு அந்தக் கட்டம்தான் முக்கியம். 2024-25 முதல் முழு ஆய்வுகளை நிறுத்திவைத்ததால் பெரும்பாலான பள்ளிகள் காட்டுவது 2023-24 வரையிலான மதிப்பீடு. அதற்குப் பிறகு முதல்வர் மாறியிருக்கிறாரா என்று கேளுங்கள். பாடவாரியாக அரபி, ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று வரிசை இருக்கும். தமிழ் எப்படி நடக்கிறது என்று அந்த அட்டவணை சொல்லாது. ஆகவே நாமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். வரவேற்பறையில் வாயால் சொல்வது "எஸ் சார், தமிழ் அவைலபிள்" என்பதோடு முடியும். எழுத வேண்டியது இவ்வளவுதான்: தமிழ் எந்த வகுப்பில் தொடங்கி எந்த வகுப்பு வரை, இப்போது இரண்டாம் வகுப்பில் தமிழ் எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர் முழுநேரமா, எந்தப் பாடநூல், பத்தாம் வகுப்பில் சிபிஎஸ்இ பாடக்குறியீடு 006-இல் பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்களா. கடைசிக் கேள்வி முக்கியம். 006-க்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளியில் கீழ் வகுப்புத் தமிழை எளிதில் நிறுத்த மாட்டார்கள். இந்த வருட இரண்டாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக் கால அட்டவணைகளை அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் பீரியட் அதில் அச்சில் இருந்தால் நம்பலாம்.

இனி வயது. இங்கேதான் நம்மூர்ப் பெற்றோர் சண்டைக்கு நிற்கிறார்கள். ஏப்ரலில் தொடங்கும் இந்தியப் பள்ளிகளில் மார்ச் 31 அன்று கேஜி-1-க்கு நான்கு, கேஜி-2-க்கு ஐந்து, ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. 2020 ஆகஸ்டில் பிறந்த பிள்ளை 2026 ஜூனில் மதுரையில் ஒன்றாம் வகுப்பு போகும். அதே பிள்ளை 2026 ஏப்ரலில் துபாயில் கேஜி-2. ஒரு வருடம் வீண் என்று புலம்ப வேண்டாம். கேஜி-2-இல் எழுத்து வேலை குறைவு, அரபியும் புது இடமும் பழக அவகாசம் கிடைக்கிறது. இரண்டாம் வகுப்பிலிருந்து மேலே டிசி வேண்டும், கேஜிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் வேண்டாம். சின்னவனுக்கு அந்த அலைச்சல் இல்லை, மூத்தவளுக்கு உண்டு.

டிசியில் சிக்குவது நம் இனிஷியல். பள்ளி ரெஜிஸ்டரில் 'கவின் செ.' பாஸ்போர்ட்டில் கவின், குடும்பப் பெயர்க் கட்டத்தில் செந்தில்குமார். நமக்கு இரண்டும் ஒன்று. அங்கே அட்மிஷன் கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டு வெவ்வேறு பிள்ளைகள். டிசி வாங்கிய பிறகு திருத்தப் போனால், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பதிவு பொதுத் தொகுப்புக்குப் போயிருக்கும், பள்ளியால் நேராகத் திருத்த முடியாது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிள்ளை பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்று அமீரகத்தில் 2022 நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு எச்.எம்.-இடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து எமிஸில் இனிஷியலை விரித்துப் போடச் சொல்லுங்கள். திரையில் மாறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு டிசிக்கு எழுதிக் கொடுங்கள்.

மெட்ரிக், நர்சரி பள்ளி என்றால் டிசியில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்க வேண்டும். அதன்பின் மாநில அளவில் சான்று, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அந்நாட்டு வெளியுறவு அமைச்சக முத்திரை. ஏஜென்ட் "அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன்" என்றால் அவரிடம் கொடுக்காதீர்கள். அப்போஸ்டில் என்பது ஒப்பந்த நாடுகளுக்குள் மட்டும் செல்லும் சான்று முத்திரை. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லாத நாடு, அந்த ஸ்டிக்கர் அங்கே செல்லாது, காசும் வாரங்களும் போகும்.

காலக் கணக்கும் இடிக்கும். நம்மூரில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிந்து டிசி மே மாதம் கைக்கு வரும். அங்கே புது வகுப்பு ஏப்ரல் முதல் வாரமே தொடங்கிவிடும். மார்க் ஷீட்டைக் காட்டித் தற்காலிகமாக உட்கார வைக்கும் பள்ளிகள் உண்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை முடிந்து சேர்க்கலாம் என்றால், அதற்குள் ஒரு பருவப் பாடம் ஓடியிருக்கும்.

தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். நம் அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர். அங்கே கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர். சின்னம்மை ஊசியும் கேட்பார்கள். குழந்தை மருத்துவரிடம் ஊரிலேயே போட்டு, தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் இல்லாத பள்ளியில்தான் இடம் கிடைத்தது என்றால் வீட்டில் நடத்தியாக வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம், ஆனால் அச்சுப் புத்தகம் மதுரையிலேயே வாங்கிப் பெட்டியில் வையுங்கள். திரையில் பார்த்து எந்தப் பிள்ளையும் கொம்பும் காலும் எழுதப் பழகாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டமும் சான்றிதழும் உண்டு. தினம் பதினைந்து நிமிடம், கோடு போட்ட நோட்டு, வாரத்துக்கு ஒரு பத்தி சொல்லக் கேட்டு எழுதுவது. வெள்ளி மதியம் இதற்கு நல்ல நேரம்.

மதிப்பெண் போடச் சொன்னால் எங்கள் பள்ளிக்குப் பத்துக்கு எட்டு போடுவேன், மனதறிந்துதான் போடுவேன். உங்கள் மகளை அங்கே சேர்க்கலாமா என்றால், வேண்டாம் தம்பி. மதிப்பீட்டில் ஒரு படி இறங்கினாலும், பஸ்ஸில் இருபது நிமிடம் கூடினாலும், இரண்டாம் வகுப்பு அட்டவணையில் தமிழ் அச்சாகியிருக்கும் பள்ளியைத் தேடுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் அவள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் வரை அம்மாவோடு அரசரடியிலேயே இருக்கட்டும் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. குடும்பம் பிரிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஏப்ரல் சேர்க்கைக்கு அக்டோபர், நவம்பரிலேயே நல்ல பள்ளிகளில் இடம் நிரம்பத் தொடங்கும். அந்த மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.