வாசலுக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு பீரோ

காலை ஐந்தே முக்காலுக்கு அம்மா தெருவாசலைத் திறந்து தண்ணீர் தெளிப்பாள். கோயம்புத்தூரில் இருக்கும் நான் அந்த நேரத்துக்குச் சரியாக கேமரா ஆப்பைத் திறப்பேன். ஆனால் முதல் ஒரு வருஷம் நான் பார்த்ததெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைத்தான். படம் வரும்போது வாசலில் கோலம் இருக்கும், அம்மா உள்ளே போயிருப்பாள்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையில் தாமிரபரணி பொங்கியபோது எங்கள் பக்கம் கரண்டும் போய், போனும் போய், இரண்டு நாள் அம்மாவிடம் பேச முடியவில்லை. அந்தப் பதற்றத்தில் வாங்கி மாட்டியவைதான் இந்த மூன்று வைஃபை கேமராக்களும்.

வீரவநல்லூரில் எங்களுடையது பழைய நீள வீடு. நடை, பட்டாசல் (கூடம்), அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி போகும். ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகச் சுவர். பக்கத்து வீடுகளும் அதே சுவரை ஒட்டித்தான்.

படம் தாமதமாக வந்ததும் நான் முதலில் செய்தது, 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கியது. எந்த மாற்றமும் இல்லை. கேமரா நெட்டிலிருந்து எதையும் இறக்குவதில்லை, அது ஏற்றுகிறது. ஒரு 1080பி கேமராவுக்கு ஏறக்குறைய 2 எம்பிபிஎஸ் அப்லோடு போதும், பழைய பிளானிலேயே அது இருந்தது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது நிதானமாக உட்கார்ந்தேன். வீட்டு வைஃபையிலேயே போனை இணைத்துப் பார்த்தால் அப்போதும் வட்டம் சுற்றியது. அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள்தான். வெளியூரிலிருந்து பார்க்கும்போது மட்டும் தாமதம் என்றால் அப்லோடையோ, கேமரா கம்பெனியின் சர்வரையோ, கையிலிருக்கும் போனையோ சந்தேகப்படலாம். வாசல் கேமராவைக் கழற்றி ரவுட்டர் பக்கத்தில் வைத்தேன். இரண்டே விநாடியில் படம் வந்தது. கேமராவிலும் குறையில்லை.

ரவுட்டர் இருந்த இடத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பட்டாசலில், அப்பாவின் இரும்பு பீரோவுக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே ஒரு ஸ்டூலில் கிடந்தது. அலைக்கு அந்த இரும்பு ஒரு சுவர், அதைத் தாண்டினால் காரைச் சுவர். ஆப்பில் சிக்னல் -78 டிபிஎம் என்று காட்டியது. -60ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, -70க்குக் கீழே போனால் தடுமாறும். ரவுட்டரை நடைவாசலுக்கு மேலே இருந்த பலகைக்கு ஏற்றினேன். -61 ஆனது.

அப்புறம் சேனல், அதாவது வைஃபை அலை ஓடும் தடம். எங்கள் கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். போனில் வைஃபை அனலைசர் போட்டுப் பார்த்தால் தெருவில் பாதி வீடு 6-ல் உட்கார்ந்திருந்தது, எங்களுடையதும் அதிலேதான். 11-க்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் படம் விட்டுவிட்டு வந்தது, அது இதோடு நின்றது.

புறவாசல்தான் பாடாய்ப் படுத்தியது. எக்ஸ்டெண்டர் வாங்கி கேமராவுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். அங்கே சிக்னலே சாகக் கிடக்கிறது, அதை வாங்கி அது எதை நீட்டும்? அடுக்களைக்கு நகர்த்தியதும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் அந்த மாதிரி எக்ஸ்டெண்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலையில் செய்வதால் வேகம் பாதியாகிவிடும். கடைசியில் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டேன். "ஒயர இழுத்து விட்ருவோம் தம்பி, இந்தச் சொவத்துல வேற எதுவும் நிக்காது" என்றார். ஜன்னல் மேல் காற்றுத் துவாரம் வழியாக 25 மீட்டர் லேன் கேபிள் போனது. அன்றிலிருந்து புறவாசல் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கேமராவில் லேன் துளை இருந்தால் மற்ற வித்தைகளுக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

நேரலையை எஸ்டியில் (தெளிவு குறைந்த படம்) வைத்திருக்கிறேன், மெமரி கார்டில் பதிவது தெளிவு கூடிய எச்டி. ஆள் நடமாட்டம் பார்க்க எஸ்டி தாராளம்.

தட்டட்டியில் (மொட்டை மாடியில்) இருக்கும் பேட்டரி கேமரா மட்டும் இன்றும் ஐந்து விநாடி எடுக்கிறது. சார்ஜை மிச்சம் பிடிக்க அது தூங்கும், கூப்பிட்டால் எழுந்துதான் வர வேண்டும். எந்த செட்டிங்கும் அதை மாற்றாது. தினமும் பார்க்க வேண்டிய இடத்துக்கு இந்த வகையை வாங்காதீர்கள்.

போன வருஷம் ஒரு மினி யுபிஎஸ் வைத்தேன். ரவுட்டருக்கு 12 வோல்ட், வாசல் கேமராவுக்கு 5 வோல்ட் யூஎஸ்பி, இரண்டும் அதிலிருந்தே போகிறது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஊரில் கரண்ட் போனது. ஆப்பைத் திறந்தேன். மூன்று விநாடியில் வாசல் தெரிந்தது. தெரு முழுக்கப் போயிருக்கிறதா என்று பார்க்க, அம்மா கையில் டார்ச்சோடு படியில் நின்றுகொண்டிருந்தாள்.