காட்பாடியிலிருந்து சென்னை: சனி-ஞாயிறுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் எப்படி?

கடற்கரையில் இரண்டு நாள் கழிக்க வேலூர்க்காரர்களுக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஜோலார்பேட்டையில் விடியற்காலை கிளம்பி காட்பாடி வழியாக சென்ட்ரல் போகிறது. காட்பாடியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பஸ் என்றால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பூந்தமல்லி நெரிசலில் நேரம் கரைந்துவிடும்.

பாகாயத்திலிருந்து வருபவர்களுக்கு 1, 2 எண் டவுன் பஸ்கள் காட்பாடி வரை உண்டு. முன்பதிவில்லாத டிக்கெட்டை முந்தின நாளே எடுத்து வைக்க முடியாது, எடுத்த 3 மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். வாரநாட்களில் சீசன் டிக்கெட் கூட்டம். சனிக்கிழமை கொஞ்சம் மூச்சு விடலாம்.

சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நிற்காதீர்கள். பூங்கா நகர் நிலையத்தில் வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பிடித்தால் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் இரண்டும் மெரினாவுக்கு நடக்கிற தூரம். பக்கத்திலேயே பார்க் நிலையமும் இருக்கிறது. அது தாம்பரம் பாதை. பெயர்க் குழப்பத்தில் மாறி ஏறுகிறவர்கள் நிறைய. மெரினாவில் கால் நனைப்பதோடு சரி, உள்ளிழுக்கும் நீரோட்டம் பொல்லாதது. லாங் வீக்கெண்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள்.

குறை என்றால் திரும்பும் பயணம்தான். ஞாயிறு மாலை பொதுப்பெட்டியில் அரக்கோணம் வரை நிற்க நேரும். குழந்தைகளோடு போனால் திரும்புவதற்கு மட்டுமாவது உட்காரும் இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள். மதியம் மூன்றரை வாக்கில் சென்ட்ரலில் கிளம்பும் லால்பாக் எக்ஸ்பிரஸும் காட்பாடியில் நிற்கும்.