ஸ்டார் டிரெக்கும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவும்: மனிதனை எவ்வளவு நம்பலாம்?

1989-இல் ‘ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்காக ரொனால்ட் டி. மூர் எழுதிக்கொடுத்த முதல் கதையில், ஆய்வுப் பணிக்குச் சென்ற ஒரு தாய் இறந்துபோகிறாள். விண்கப்பலில் தனியாக விடப்பட்ட அவளுடைய மகன் அந்தத் துயரத்தை எப்படி எதிர்கொள்கிறான் என்பதே கதை. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அதை ஏற்கவில்லை. 24-ஆம் நூற்றாண்டு மனிதர்கள் மரணத்தை வாழ்வின் ஒரு பகுதியாக ஏற்கப் பழகியவர்கள், ஆகவே அந்தச் சிறுவன் அழமாட்டான் என்று அவர் வாதிட்டதாக, அப்போது எழுத்துக் குழுவை வழிநடத்திய மைக்கேல் பில்லர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிறுவன் அழாமல் இருப்பதையே சிக்கலாக்கிக் கதையைத் திருத்தினார்கள். அதே மூர், பின்னர் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற மற்றொரு ஸ்டார் டிரெக் தொடரிலும் எழுதிவிட்டு, 1978-இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வை 2003-இல் புதிதாக உருவாக்கினார். அதில் எல்லோரும் அழுகிறார்கள்.

இவ்விரண்டையும் நம்பிக்கைத் தொடர் என்றும் அவநம்பிக்கைத் தொடர் என்றும் பிரித்துவிடுவது வழக்கம். அந்தப் பிரிவினை எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. மனிதன் நல்லவனா கெட்டவனா என்பதில் அல்ல, அவனுடைய நல்ல குணம் எதன் மீது நிற்கிறது என்பதில்தான் இவை வேறுபடுகின்றன.

ஸ்டார் டிரெக்கின் விடை தெளிவானது: பற்றாக்குறை நீங்கினால் பேராசையும் நீங்கும். உணவையும் பொருள்களையும் நொடியில் உருவாக்கித் தரும் ‘ரெப்ளிகேட்டர்’ அங்கு இருக்கிறது. 1996-இல் வெளியான திரைப்படத்தில், 21-ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியிடம், தம் காலத்தில் பணமே இல்லை என்றும், செல்வம் சேர்ப்பது வாழ்வின் உந்துசக்தியாக இல்லை என்றும், தம்மையும் மானுடத்தையும் மேம்படுத்திக்கொள்ளவே உழைப்பதாகவும் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ விண்கப்பலின் கேப்டன் பிகார்ட் விளக்குகிறார். ஆனால் அவருடைய குடும்பத்துக்குப் பிரான்ஸில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நிலத்தை ரெப்ளிகேட்டர் உருவாக்காது. அந்தத் தோட்டம் ஏன் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது, அதை விரும்பும் மற்றொருவர் என்ன செய்வார் என்ற கேள்விகளுக்குத் தொடர் நின்று பதில் சொல்வதில்லை. ஓர் அரசியல் இலட்சியமாக ஸ்டார் டிரெக்கின் மிக மெலிந்த இடம் இதுவே என்று நினைக்கிறேன்.

பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்ற நம் பழமொழியைக் கலாக்டிகா அப்படியே சோதனைக்கு எடுத்துக்கொள்கிறது. சைலான்கள் எனப்படும் இயந்திர இனம் மனிதர் வாழ்ந்த பன்னிரண்டு கோள்களையும் அழித்தபின், விண்கப்பல்களில் தப்பி எஞ்சியவர்கள் சுமார் 50,000 பேர். ஆட்சிப் பொறுப்பு, வாரிசு வரிசையில் 43-ஆம் இடத்திலிருந்த கல்வி அமைச்சர் லாரா ரோஸ்லினிடம் வந்து சேர்கிறது. உயிரோடிருப்போரின் எண்ணிக்கையை அவர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைக்கிறார். தொடரின் முதல் அத்தியாயத்தின் முடிவில் ஒரு குழந்தை பிறந்ததும், அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டி 47,973 என்று திருத்துகிறார். ஆனால் தொடரின் மற்றொரு கட்டத்தில், தாம் வாழ்நாள் முழுவதும் ஆதரித்த கருக்கலைப்பு உரிமையை, மக்கள்தொகை குறைகிறது என்பதற்காக அவரே தடைசெய்கிறார். அவர் கெட்டவராகிவிடவில்லை, பலகையில் உள்ள எண் அவருடைய கொள்கையைத் தின்றுவிட்டது. அதே தடையைப் பிடித்துக்கொண்டுதான் துணை அதிபர் பால்டார் அவருக்கு எதிராகத் தேர்தலில் இறங்குகிறார்.

அந்தத் தேர்தல்தான் கலாக்டிகாவின் உண்மையான அரசியல் இலட்சியத்தைக் காட்டும் இடம். ரோஸ்லின் தரப்பு வாக்குகளில் மோசடி செய்கிறது. அது வெளிப்பட்டதும், கப்பற்படைத் தலைவர் அடாமா அவரைத் தனியே சந்தித்து, இதை மூடிமறைக்க முடியாது என்று உணர்த்துகிறார். பால்டார் வெல்கிறார், அவர் மக்களைக் குடியேற்றிய கோள் சைலான்களின் ஆக்கிரமிப்புக்குள் விழுகிறது. மோசடி பலித்திருந்தால் அந்தப் பேரழிவு நேர்ந்திருக்காது என்பது பார்வையாளருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், வாக்கைத் திருடியிருக்கலாம் என்று தொடர் நம்மை எளிதில் சொல்லவிடுவதில்லை. நேர்மை நன்மையைத் தரும் என்ற உறுதி இல்லாத உலகில் நேர்மையைக் கேட்பது, ஸ்டார் டிரெக் கேட்டதைவிடக் கடினமான கோரிக்கை.

இரண்டையும் ஒரே வழக்கில் நிறுத்திப் பார்க்க விரும்பினால், செயற்கை மனிதர்களை அவை நடத்தும் விதத்தைப் பார்க்க வேண்டும். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1989-இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், டேட்டா என்ற ஆண்ட்ராய்டு அதிகாரியைப் பிரித்து ஆராய ஒரு விஞ்ஞானி உரிமை கோருகிறார். வாதாட ஆள் பற்றாக்குறையால், டேட்டாவின் நண்பரான ரைக்கரே எதிர்த்தரப்பில் நின்று வாதிட வேண்டியிருக்கிறது. அவர் தயங்கினாலும் முழுத் திறமையோடு வாதிடுகிறார். டேட்டா எவருடைய உடைமையும் அல்ல என்று நீதிபதி தீர்ப்பளிக்கிறார். கலாக்டிகாவில் பிடிபட்ட, மனித உருவம் கொண்ட சைலான் கைதியின் தலையைத் தண்ணீர் வாளியில் அமுக்கி விசாரிக்கிறார்கள். பின்பு ரோஸ்லின் வந்து, உண்மை சொன்னால் பாதுகாப்பு உண்டு என்று வாக்களித்துவிட்டு, அவனை விண்வெளியில் எறியச் சொல்கிறார். ஈராக் போரின் ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த காட்சி இது என்பதை மறந்துவிட முடியாது. டேட்டாவுக்கு நீதி கிடைத்ததற்குக் காரணம், அவன் எவருடைய ஊரையும் எரிக்காதவன் என்பதும்தான். தன் உறவினரைக் கொன்ற இனத்தின் கைதிக்கும் அதே சட்டம் பொருந்துமா என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தில் எழவேயில்லை.

இவற்றுக்கு இடையில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ நிற்கிறது. 1998-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், கேப்டன் சிஸ்கோ பொய்ச் சான்று தயாரித்து, போரில் சேராதிருந்த ரோமுலன்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தாரைப் போருக்குள் இழுக்கிறார், உயிர்கள் போகின்றன, அந்தக் குற்றத்தோடு தம்மால் வாழமுடியும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். மூர் உள்ளிட்ட அந்தக் குழுவின் கையில்தான் ஸ்டார் டிரெக்கின் இலட்சியம் உண்மையிலேயே சோதிக்கப்பட்டது என்பது என் மதிப்பீடு.

கலாக்டிகாவை உயர்த்திப் பேசும் நான், 2009-இல் அது முடிந்த விதத்தை ஏற்கவில்லை. புதிய பூமியை அடைந்த மக்கள், தங்கள் கப்பல்களையெல்லாம் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, ஏறத்தாழ வெறுங்கையோடு நிலமெங்கும் பிரிந்துபோகிறார்கள். உணவுக்கும் எரிபொருளுக்கும் வேலைநேரத்துக்கும் சண்டையிட்டு, வேலைநிறுத்தமும் கலகமும் செய்த மக்கள், மருந்தையும் இயந்திரங்களையும் எதிர்ப்பின்றித் துறக்கிறார்கள். இவ்வளவு பேர் இசைந்தது வியப்பளிப்பதாக ஒரு வழக்கறிஞர் சொல்கிறார். புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று அடாமா பதிலளிக்கிறார். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு தேர்தலுக்காக அத்தனை அத்தியாயங்கள் போராடிய தொடரில், இந்த முடிவுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கும் ஒரு குரலைக்கூட நாம் கேட்பதில்லை.