பாதரசமா, காலின்ஸ்டானா? காந்தத்துக்கு நடுவே எதை வைத்து அளப்பது

திரவ உலோகத்தின் மின்தடை காந்தப்புலத்தில் மாறுகிறதா என்று அளந்து பார்க்க, சாதாரண ஆய்வகத்தில் இரண்டு பேர்தான் போட்டிக்கு வருவார்கள்: பாதரசம், அப்புறம் கேலியம், இண்டியம், தகரம் கலந்த காலின்ஸ்டான். நான் காலின்ஸ்டானை எடுத்தேன், கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

பாதரச ஆவி நஞ்சு, அதை விளக்க வேண்டியதில்லை. மின்தடைமை, அதாவது பொருளுக்கே உரிய மின்தடை அளவு, பாதரசத்துக்குச் சுமார் 96 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர், காலின்ஸ்டானுக்கு 29, அதனால் இதில் மின்சாரம் எளிதாக ஓடும். பாதரசத்தின் பலம் பழைய பதிவுகள். ஹார்ட்மன், லாசரஸ் என்ற ஆய்வாளர்கள் 1937-இல் டென்மார்க்கில் காந்தப்புலத்தில் ஓடவிட்டு அளந்தது அதைத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரான் காந்தப்புலத்தில் வளையத் தொடங்கும் முன்பே ஒழுங்கற்ற அணுக்களில் மோதிவிடுவதால், 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில்கூட உண்மையான மாற்றம் எளிய கணக்கில் பத்து கோடியில் ஓரிரு பங்கைத் தாண்டாது. பாதரசம் ஒரு டிகிரி சூடானாலே அதன் மின்தடை 0.09 சதவீதம் ஏறிவிடும். மீட்டரில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் ஓட்டத்தின் வேலை: காந்தத்தின் விளிம்பில் விசை சீராக இல்லாததால் திரவம் சுழல்கிறது, சுழலும் திரவம் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது, அது கூடுதல் மின்தடையாகவே தெரிகிறது. காந்தத்தைத் திருப்பிப் போட்டாலும் மறையாது. ஒரே அகலக் குழாயில் காந்த விசைக்கும் திரவத்தின் பிசுபிசுப்புக்கும் நடக்கும் இழுபறியைக் காட்டும் ஹார்ட்மன் எண் காலின்ஸ்டானுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு, அதனால் இந்த ஓட்ட விளைவைப் பார்க்க நினைப்பவருக்கு இதுவே லாபம்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. காற்றுப் பட்டதும் காலின்ஸ்டான் மேல் ஆறிய பாலில் ஆடை மாதிரி ஆக்சைடு படிந்துவிடும். ஊசியிலிருந்து விழும் சொட்டு உருண்டையாகாமல் வால் நீண்டு நிற்கும், கண்ணாடியில் சாம்பல் தீற்றல் ஒட்டும், மின்முனையில் தொடர்பு கெடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அந்த நொடியே சொட்டு பளபளவென்று உருண்டுகொள்ளும். அமிலத்துக்கு அடியிலிருந்தே உறிஞ்சிக் குழாயை நிரப்பி உடனே அடைத்துவிடுங்கள், ரொம்ப நேரம் விட்டால் ஹைட்ரஜன் குமிழி வரும். மின்னழுத்தத்தை அளக்கத் தனிக் கம்பிகள் வையுங்கள். கம்பி டங்ஸ்டனாக இருக்கட்டும், அலுமினியத்தைக் காலின்ஸ்டான் அரித்துத் தின்றுவிடும். இவ்வளவு வேலை இருந்தாலும் இது துடைத்தால் தீரும் தொல்லை. தரை விரிசலில் புகுந்த பாதரசம் அப்படியில்லை.

சோடியத்தை நான் தொட்டதில்லை. 98 டிகிரியில் உருகி, தண்ணீர் பட்டால் தீப்பிடிப்பது கல்பாக்கம் அணு உலைக்காரர்களுக்குச் சரி, மேசைக்கு ஆகாது.

எதை எடுத்தாலும் குழாயை மெல்லியதாக மாற்றி ஒருமுறை அளந்துவிடுங்கள். உலோகத்தின் குணமென்றால் சதவீதம் அப்படியே நிற்கும், ஓட்டத்தின் வேலையென்றால் குறைந்துவிடும்.