வெள்ள அபாய வரைபடம்: கணினி மாதிரியா, செயற்கைக்கோளா, ஊர்க்காரர் நினைவா?

ஒரு கிராமத்துக்கு வெள்ள அபாய வரைபடம் போட வேண்டும், கையில் பணமும் குறைவு, மழைக்காலமும் நெருங்குகிறது என்றால் எதில் தொடங்குவது? வழி மூன்று. நில உயரத் தரவை வைத்துக் கணினியில் தண்ணீரை ஓடவிடலாம், பழைய வெள்ளங்களின் செயற்கைக்கோள் படங்களைப் புரட்டலாம், அல்லது நேராக ஊருக்குள் போய்க் கேட்டு வரையலாம். நான் மூன்றாவதில்தான் தொடங்குவேன்.

கணினி மாதிரிக்கான ஹெக்-ராஸ் இலவச மென்பொருள்தான். சிக்கல் அதற்கு நாம் கொடுக்கும் உயரத் தரவில் இருக்கிறது. பலரும் முதலில் எடுப்பது எஸ்ஆர்டிஎம் என்ற இலவச உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரத்தில் சில மீட்டர் பிழை சர்வ சாதாரணம். தோப்பு இருந்தால் தரையை மேலே தூக்கியே காட்டும். சமவெளியில் தண்ணீர் புகும் வீட்டுக்கும் புகாத வீட்டுக்கும் வித்தியாசம் முழங்கால் உயரம்தானே, அதை இந்தத் தரவு எப்படிச் சொல்லும்? பிறகு வந்த ஐரோப்பாவின் கோபர்நிகஸ் உயரத் தரவு இதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் ரோட்டுக்கு அடியில் மண் அடைத்துக் கிடக்கும் குழாய்ப் பாலம் அதிலும் தெரியாது. பல ஊர்களில் வெள்ளத்தைத் திருப்பிவிடுவதே அந்தக் குழாய்தான்.

செயற்கைக்கோள் ஊகிப்பதில்லை, நடந்ததைப் படம் பிடிக்கிறது. சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் ரேடாரால் படம் எடுப்பதால் மேகமும் இரவும் தடை இல்லை. அசையாத தண்ணீர் படத்தில் கறுப்பாக விழும். 2014 முதல் படங்கள் இலவசம். ஆனால் ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். இரவில் ஏறி மறுநாள் மதியம் வடிந்த வெள்ளத்துக்குப் படமே இருக்காது. பயிருக்குள் நிற்கும் தண்ணீரும் பல சமயம் தப்பிவிடும். எவ்வளவு ஆழம் என்றும் நேரடியாகச் சொல்லாது.

சரி, ஊர்க்காரர்கள். ஒரு வீட்டில் அலமாரியை நகர்த்திப் பாருங்கள், வெள்ளையடிக்காத சுவரில் சேற்றுக் கோடு இருக்கும். தரையிலிருந்து டேப் வைத்தால் ஆழம் வந்துவிட்டது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு அடுத்த வீட்டுக்கும் அதே மட்டத்தை எடுத்துப் போகலாம், சென்டிமீட்டர் கணக்கில். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது, எந்த வழி முதலில் மூழ்கியது, நடக்க முடியாத பாட்டியை எந்த வழியாகத் தூக்கிப் போனார்கள் என்பதையும் அவர்களால்தான் சொல்ல முடியும். குறையும் உண்டு. கூட்டம் போட்டால் நிலம் உள்ளவர் குரலே கேட்கும். தாழ்வான ஓரத்தில் குடிசை போட்டவர்களிடமும் பெண்களிடமும் தனியாகப் போய்க் கேட்டே ஆக வேண்டும். புதிதாக ஒரு கரை எழும்பியிருந்தால் பழைய நினைவு தவறான வழி காட்டும். இதுவரை வராத பெரிய வெள்ளம் யார் நினைவிலும் இருக்காது.

அந்த இடத்தில் கணினி மாதிரி வேண்டும். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று நினைத்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள், 30 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால் அது சுமார் 26 சதவீதம். அப்படி ஒரு வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டுக் காட்ட மாதிரி தேவை. அப்புறம் ஒன்று, அந்த மாதிரி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கவும் அலமாரிக்குப் பின்னால் இருந்த அந்தச் சேற்றுக் கோடுகள்தான் வேண்டும்.