பிளெண்டர் மெனு: இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில்

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் 3டி கஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களை விரட்டியது பெரும்பாலும் மெனுவும் ஷார்ட்கட்டும்தான். அதனால் ரெண்டர் (படமாக்குவது), மாடலிங் (உருவம் செய்வது) எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கீபோர்டும் மவுஸும் இதில் எப்படி வேலை செய்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்று. நீங்கள் அழுத்தும் கீ, கர்சர் எந்தப் பகுதியின் மேல் நிற்கிறதோ அங்கேதான் போகும், கிளிக்கே தேவையில்லை. கர்சர் 3டி வியூபோர்ட்டில், அதாவது பொருள்கள் தெரியும் பெரிய பகுதியில், இருக்கும்போது ஜி அழுத்தினால் பொருள் நகரும், அனிமேஷன் நேரத்தைக் காட்டும் டோப் ஷீட் மேல் இருந்தால் அதே ஜி கீஃப்ரேமை (அசைவைக் குறித்து வைத்த புள்ளியை) நகர்த்தும். ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் கர்சர் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மற்ற மென்பொருள்களில் பழகிய கைக்கு இது கொஞ்சம் எரிச்சல் தரும். ஆனால் பழகிவிட்டால் இதைவிட வேகமான வழி கிடையாது: ஜி, எக்ஸ், 2, என்டர் என்று தட்டினால் பொருள் எக்ஸ் அச்சில் சரியாக 2 மீட்டர் நகர்ந்து நிற்கும், எந்த மெனுவையும் திறக்கவே வேண்டாம்.

பழைய டுடோரியல் பார்த்துக் கற்கிறவர்கள் கவனிக்கவும். 2019 ஜூலையில் பிளெண்டரின் 2.80 பதிப்பு வரும்வரை பொருளைத் தேர்ந்தெடுப்பதே ரைட் கிளிக்கில்தான், இப்போது லெஃப்ட் கிளிக். ஸ்பேஸ் பார் அழுத்தினால் தேடல் வந்த காலமும் போய்விட்டது, இப்போது அது அனிமேஷனை ஓட்டும், தேடலுக்கு எஃப்3. பழையதுதான் வேண்டும் என்றால் பிரிஃபரன்ஸ் என்ற அமைப்புகள் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மெனுவே நமக்கு ஷார்ட்கட் கற்றுக்கொடுக்கும் விதம். ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் அதற்கான கீ இருக்கிறது, பெயரில் அடிக்கோடிட்ட எழுத்தைத் தட்டினாலே அந்த வரி தேர்வாகிவிடும், கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அது கர்சருக்குக் கீழேயே வரும்படி மெனு திறக்கும். 4.0 பதிப்பிலிருந்து ஷிஃப்ட்+ஏ அழுத்தி, புதுப் பொருள் சேர்க்கும் மெனுவைத் திறந்துவிட்டுப் பெயரைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாலே தேடிக் கொடுத்துவிடுகிறது. அடிக்கடி தேவைப்படும் கட்டளை மேல் ரைட் கிளிக் செய்து குவிக் ஃபேவரிட்ஸ் என்ற சொந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அப்புறம் க்யூ அழுத்தினால் போதும். வட்ட மெனுக்களும் அருமை: இசட்டை அழுத்திப் பிடித்து மவுஸை ஒரு திசையில் தள்ளி விட்டால் ஷேடிங், அதாவது பொருள் திரையில் தெரியும் விதம், மாறிவிடும், சில நாளில் மெனுவில் எழுதியிருப்பதைப் படிக்காமலே கை அந்தத் திசைக்குப் போகும். எண் பெட்டிகளுக்கு உள்ளே போகவும் வேண்டாம், கர்சரை மேலே வைத்து கண்ட்ரோல்+சி அழுத்தினால் மதிப்பு நகலாகும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பழைய இயல்பு மதிப்புக்குத் திரும்பும்.

குறைகள் இல்லாமல் இல்லை. திறந்த மெனுவிலிருந்து கர்சர் கொஞ்சம் தள்ளிப் போனாலே அது மூடிக்கொள்கிறது, கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது நிஜமாகவே கஷ்டம், மாற்ற வேண்டிய விஷயம். கர்சர் இருக்கும் இடத்தைப் பொறுத்தே எல்லாம் நடப்பதால் மவுஸே இல்லாமல் கீபோர்டை மட்டும் வைத்து ஓட்டுவதும் நடக்காத காரியம்.

லேப்டாப்காரர்கள் பாடு இன்னும் மோசம். முன்புறம், பக்கவாட்டு, மேற்புறப் பார்வைகள் எல்லாம் நம்பேடில் (கீபோர்டின் வலப்புறம் தனியாக இருக்கும் எண் கீகளில்) 1, 3, 7. நம்பேட் இல்லையென்றால் எமுலேட் நம்பேட் என்ற வசதியை இயக்கலாம், ஆனால் அது மேல் வரிசை எண்களை எடுத்துக்கொள்வதால், பொருளின் உருவத்தைத் திருத்தும் எடிட் மோடில் வெர்டெக்ஸ் (புள்ளி), எட்ஜ் (விளிம்பு), ஃபேஸ் (முகம்) என்று தேர்வை மாற்ற உதவும் 1, 2, 3 கையைவிட்டுப் போய்விடும். அதற்குப் பதில் டில்டே (~) கீயை அழுத்தி வரும் வட்ட மெனுவில் பார்வையை மாற்றுவது நல்லது, அதில் எந்தக் கீயும் பறிபோகாது. பார்வையைச் சுற்றுவது மவுஸின் நடு பட்டனால்தான்; அது இல்லாத டச்பேடில் ஆல்ட்டோடு லெஃப்ட் டிராக் செய்து சுற்றலாம், அதையும் பிரிஃபரன்ஸில் இயக்க வேண்டும், ஆனால் ஆல்ட்+கிளிக்கில் எட்ஜ் லூப் (தொடர்ச்சியான விளிம்பு வரிசை) தேர்ந்தெடுக்கும் வழக்கத்தோடு அது மோதும். மென்பொருள் இலவசம்தானே, அந்த மிச்சத்தில் ஸ்க்ரோல் வீல் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், வீலை அழுத்தினால் அதுதான் நடு பட்டன்.