மாடியில் சோலார் வைப்பதா, பசுமைக் கட்டணம் கட்டுவதா?

மும்பையில் வீட்டு இணைப்புக்கும் பசுமை மின்சாரம், அதாவது சூரிய ஒளி, காற்று போன்றவற்றிலிருந்து வரும் மின்சாரம், கேட்டு வாங்கலாம். 2021ல் அங்குள்ள மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 66 பைசா கூடுதலாகக் கட்டினால் போதும் என்று அனுமதி தந்தது. அந்தக் கணக்கில் மாதம் 300 யூனிட் என்றால் அன்று 198 ரூபாய்தான் கூடியது. ஆனால் அதே வயர், அதே சுவிட்ச், கண்ணுக்கு எதுவும் மாறாது, பில்லில் மட்டும் ஒரு வரி கூடும். நல்லது செய்யக் கூடுதல் காசா என்று வீட்டில் ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

மாடி சோலார் அப்படியில்லை. 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், முதலில் பெரிய தொகை போட வேண்டும், 2024ல் வந்த மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும். காலையில் ஈரத்துணியால் பலகையில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்து, மீட்டரில் நம் தேவை போக மிஞ்சி மின்வாரியத்துக்கு அனுப்பிய யூனிட் ஏறுவதைப் பார்க்கும்போது இது நம்முடையது என்று தோன்றும் பாருங்கள், அதுதான் மக்களை இழுக்கிறது.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பங்களுக்கு இதில் லாபம் குறைவு, ஏசி ஓடும் வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சோலார்தான். சரி, அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்? அவருக்கு மாடியே இல்லை. மும்பை மாதிரி வழி இங்கேயும் வீடுகளுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும்.